சிரித்தால் அழ வேண்டி வருமா?

கேள்வி: எனக்கு 46 வயது. செங்கல்பட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எதிலும் மனசு ஒட்டுவதில்லை. மகள் போனில், ‘பிராஜெக்ட்டுக்குப் பாராட்டு கிடைச்சுதும்மா’ என்றால் ஒரு நொடி குளிர்கிறது. உடனே ‘அடுத்த செமஸ்டர் எப்படிப் போகுமோ’ என்று வந்துவிடுகிறது. வாய்விட்டுச் சிரித்தால்கூடப் பயம். ‘ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழணும்’ என்று பாட்டி சொல்லியே வளர்ந்தவள் நான்.

தினமும் ராத்திரி ஐந்து நல்ல விஷயம் எழுதச் சொன்னார்கள். ‘குடும்பம், ஆரோக்கியம், சாப்பாடு’ என்று எழுதி எழுதி வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. மாமல்லபுரம் போய் வந்தோம். போன் நிறையப் படம் இருக்கிறது, மனசில் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் மார்கழியில் வாசலை அடைத்துச் சிக்குக் கோலம் போடுவேன். இப்போது ஸ்டிக்கர்தான். தூக்கம், பசி சரியாக இருக்கிறது. தைராய்டு நார்மல். மாதவிலக்கு மட்டும் ஒழுங்கில்லை, உதிரப்போக்கும் அதிகம். நல்லதை ரசிக்கும் பக்குவமே எனக்கு இல்லையா?

— பெயர் வேண்டாம், செங்கல்பட்டு

ஆலோசகர் பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ரசிக்கும் தன்மை உங்களிடம் இருக்கிறது. ‘ஒரு நொடி குளிர்கிறது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. மனச்சோர்வு நோய் முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு நொடியே வராது. மகளின் குரலும் பிடித்த காபியும் அவர்களுக்கு ஒன்றுபோல வெறுமையாக இருக்கும். இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்களில் எதிலும் ஈடுபாடே இல்லை, அல்லது மனசு பாரமாகவே இருக்கிறது என்ற நிலை வந்தால் கோலமும் நாட்குறிப்பும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம். இப்போது உங்களுக்கு நடப்பது வேறு. சந்தோஷம் வருகிறது, வந்தவுடன் நீங்களே அதை நறுக்கிவிடுகிறீர்கள்.

பாட்டியின் வாக்கு நம் வீடுகளில் நிறையப் பேரை வளர்த்த வாக்குதான். அதன் கணக்கு இது: இப்போதே கொஞ்சம் கவலைப்பட்டு வைத்தால் பின்னால் அடி விழும்போது வலி குறையும். உண்மையில் குறைவதில்லை. மகள் நாளைக்குத் தேர்வில் சறுக்கினால், இன்று பட்ட கவலை அந்த வருத்தத்தில் ஒரு பைசாவைக்கூடக் கழிக்காது. இன்றைய பாராட்டு மட்டும் வீணாகியிருக்கும்.

‘அடுத்த செமஸ்டர் எப்படியோ’ என்ற அந்த எண்ணத்தை அடக்கப் பார்க்காதீர்கள். அடக்கினால் இன்னும் உரக்க வரும். ‘அது சாயங்காலம்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, அவள் சொன்னதிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: யார் பாராட்டினாங்க? என்ன வார்த்தை சொன்னாங்க? நீ அப்ப எங்க நின்னுக்கிட்டிருந்தே? இப்படிக் கேட்டால் பேச்சு இன்னும் இரண்டு நிமிடம் அந்த நல்ல செய்தியிலேயே நிற்கும். தள்ளிவைத்த கவலைக்கும் நேரம் கொடுங்கள்: மாலை 6 மணிக்கு 15 நிமிடம், தாளில் எழுதி, மணி அடித்ததும் மடித்து வைத்துவிட வேண்டும். படுக்கைக்குப் போகிற நேரத்தில் வேண்டாம், தூக்கம் கெடும்.

நாட்குறிப்பு புளித்துப்போனதற்குக் காரணம் உங்கள் சோம்பல் இல்லை. 2005-இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு வெளியிட்ட ஆய்வில் கேட்டது மூன்றே விஷயம், ஒரே வாரம், ஒவ்வொன்றுக்கும் ‘இது ஏன் நடந்தது’ என்ற காரணத்தோடு. நீங்கள் எழுதியவை தலைப்புகள். ‘குடும்பம்’ என்ற தலைப்பை ரசிக்க யாராலும் முடியாது. ‘காலை 6.40, பால் பாக்கெட்டை வெட்டும்போது எதிர்வீட்டுக் குழந்தை கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தது, ஏனென்றால் நேற்று அதன் செருப்பை நான் மாட்டிவிட்டேன்’ என்று எழுதுங்கள். ஒன்று போதும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

கோலத்துக்கு வருவோம். மனசு வந்தால் போடலாம் என்று காத்திருந்தால் வராது. கை முதலில் போகட்டும், மனசு பின்னால் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970-களிலிருந்தே புழங்கும் முறை இது. வாசலை அடைக்க வேண்டாம். சனிக்கிழமை காலை, வீட்டுக் கதவுக்கு முன்னால் 1-3-5-3-1 என்று 13 புள்ளி. டைல்ஸ் தரையில் கோலப்பொடி நிற்காமல் பறக்கிறதா? மாக்கோலம் போடுங்கள். அரை டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, தோசைமாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, சிறு துணியை முக்கிப் பிழிந்தபடி விரலால் இழுக்க வேண்டும். ரொம்ப நீர்த்தால் ஓடும். கெட்டியானால் காய்ந்து செதில் செதிலாக உதிரும். கம்பி ஒரு வளைவில் தவறினால் கோலம் இரண்டு துண்டாகிவிடும். ஆகட்டும், துடைத்துவிட்டு அந்த வளைவை மட்டும் மறுபடி போடுங்கள்.

போட்டு முடித்ததும் எழுந்து உள்ளே போய்விடாதீர்கள். ஈரத்தில் இழை மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரிதான் இருக்கும். காயக் காய ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வரும். அதை உட்கார்ந்து பார்ப்பதும் பயிற்சிதான். ஸ்டேட்டஸில் போட வேண்டாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உள்ளே வந்தால் கோலம் வெளியே போய்விடும்.

மாமல்லபுரம் உங்களுக்குப் பக்கம்தான், இன்னொரு முறை போங்கள். இந்தத் தடவை ‘அர்ஜுனன் தபசு’ என்ற பாறைச் சிற்பம் மட்டும். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது, காலை வெயிலில் செதுக்கல் நன்றாகத் தெரியும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. நீங்கள் 10 நிமிடம் நில்லுங்கள், போன் பையில் இருக்கட்டும். முதல் சில நிமிடம் சலிப்பாக இருக்கும், ‘பார்த்தாச்சே’ என்று தோன்றும். அப்போதுதான் நகர்ந்துவிடுகிறோம். நிற்கிறவர்களுக்குத்தான் யானைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கித் தபசு செய்யும் பூனை கண்ணில் படும், அதைச் சுற்றி எலிகள். இன்னொரு பக்கம் மான் ஒன்று பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். அவ்வளவு பெரிய தெய்வக் காட்சியில் மூக்கு அரித்த மானுக்கும் ஒரு பல்லவச் சிற்பி இடம் ஒதுக்கியிருக்கிறான்! படம் எடுத்தே ஆக வேண்டுமா? கிளம்பும்போது ஒன்று.

ஒரு எச்சரிக்கை. இவற்றைச் செய்யும்போது ‘இப்ப எனக்குச் சந்தோஷமா இருக்கா?’ என்று இடையிடையே சோதிக்காதீர்கள். இசை கேட்டபடியே தம் மகிழ்ச்சியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சும்மா கேட்டவர்களைவிட மகிழ்ச்சி குறைந்தது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு என்றே படுகிறது.

ஆறு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன், உதிரப்போக்கு அதிகம் என்ற ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய ஹார்மோன் மாற்றமும், ரத்தசோகையும் மனசை மந்தமாக்கும். தைராய்டு பார்த்தது போதாது. ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இந்த வாரமே பார்த்துவிட்டு, மகப்பேறு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.