ஆர்க்கிடெக்ட் வடிவமைத்த வீடு: அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வயது 38, 36. ஒரு மகள். வேகமாக வளர்ந்துவரும் ஒரு நகரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நகரின் விளிம்பில் ஒரு பில்டர், பெயர் பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரைக் கொண்டு வடிவமைத்த நான்கு தனி வீடுகளைக் கட்டி விற்கிறார். இரண்டு விற்றுவிட்டன. மற்ற இரண்டும் 14 மாதமாக இருக்கின்றன. இரண்டு மாடி உயரக் கூடம், படிக்கட்டுக்கு மேலே கண்ணாடிக் கூரை என்று பார்த்ததுமே மனதில் உட்கார்ந்துவிட்டது. விலையை 100 என்று வைத்துக்கொண்டால், அதே தெருவில் அதே பரப்பளவில் புதிய சாதாரண வீடு 78-க்குக் கிடைக்கிறது. எங்கள் சேமிப்பு 30. கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 20. வங்கி 80 சதவீதம் கடன் தரும், மறுவிற்பனையில் இந்த மாதிரி வீட்டுக்கு எப்போதும் மவுசு உண்டு என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. வாங்கலாமா?

பதில்: விலையை 100 என்று வைத்து எழுதியதற்கு நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, நல்ல வீடு ஒன்று பார்த்தோம்" என்பதோடு முடிந்துவிடும்.

முதலில் அந்த 80 சதவீதம். எதில் 80 சதவீதம் என்று பிரதிநிதியிடம் கேட்டீர்களா? வங்கி கடன் தருவது பில்டர் சொல்லும் விலைக்கு அல்ல, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுக்கும் தொகைக்கு. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. மதிப்பீட்டாளர் வருவார், நிலத்தை அளப்பார், அந்தப் பகுதியில் சமீபத்தில் என்ன விலைக்குப் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பார், கட்டடப் பரப்பை ஒரு கட்டுமான விலையால் பெருக்குவார். தரை, கதவு, பொருத்துசாமான் நன்றாக இருந்தால் கொஞ்சம் கூட்டுவார். காலை வெயில் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கிப் படிக்கட்டில் விழும் அழகுக்கு அவருடைய படிவத்தில் கட்டமே கிடையாது. இரண்டு மாடி உயரக் கூடம் இன்னும் மோசம். மேல்தளத்தில் அந்த இடம் வெறும் காற்று. அதற்குப் பரப்பளவு இல்லை, அதனால் மதிப்பும் இல்லை.

அவர் 84 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வீட்டைவிட 6 கூடுதல்; தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன். அதில் 80 சதவீதம் 67.2. விலை 100 என்பதால் நீங்கள் போட வேண்டியது 32.8. பத்திரப் பதிவு, கடன் கட்டணம், குடிபோகும் செலவு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். 7 என்று வைக்கிறேன். ஆக, கையிலிருந்து 39.8. உங்களிடம் இருப்பது 30. "20 கட்டினால் போதும், 10 மிச்சம்" என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். உண்மையில் 10 துண்டு விழுகிறது.

இந்தத் துண்டைத் தனிநபர் கடன் வாங்கி அடைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கடன் 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு என்றால் 67.2-க்கு ஆண்டுத் தவணை 7.26. தனிநபர் கடன் 10-க்கு 13 சதவீதத்தில் 5 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 2.73. இரண்டும் சேர்ந்தால் 9.99. சம்பளம் 20. முதல் ஐந்து ஆண்டு சரிபாதி தவணைக்கே போய்விடும், அதுவும் சேமிப்பில் ஒரு பைசா இல்லாமல். உங்களில் ஒருவருக்கு நான்கு மாதம் வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போதைய விலையில் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

சரி, அதோடு முடித்துவிட்டால் உங்கள் கேள்வியின் பாதிக்குத்தான் பதில். வீடு மனதில் உட்கார்ந்துவிட்டது என்கிறீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள வீட்டில் 20 ஆண்டு வாழ்வது பெரிய விஷயம். ஆனால் சாதாரண வீட்டைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 22-ஐ முதலீடு என்று சொல்லி உங்களுக்கு விற்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. அது செலவு. தெரிந்தே செய்யலாம், தப்பில்லை. அது திரும்பி வரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

ஏன் திரும்பி வராது என்று சொல்கிறேன். 100-ஐப் பிரித்துப் பாருங்கள். நிலம் 45, சாதாரணக் கட்டடம் 33, வடிவமைப்பின் பெயரால் கூடுதல் 22. நகரம் வளர்வதால் ஏறுவது முதலாவது மட்டும். இரண்டாவது ஆண்டுதோறும் தேயும். 15 ஆண்டில் நிலம் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 45 என்பது 108 ஆகும். கட்டடம் கால்வாசி தேய்ந்து 25-க்கு வரும். சாதாரண வீடு 133-க்குப் போகும். 78 போட்டவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3.6 சதவீத வளர்ச்சி. உங்கள் வீட்டை வாங்க வருபவர் அந்த 22-ஐ அப்படியே கொடுத்தாலும் 155தான். 100 போட்ட உங்களுக்கு ஆண்டுக்கு 3 சதவீதம்கூட இல்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாவிட்டால் 1.9 சதவீதம். சாதாரண வீட்டோடு சமமாக நிற்கவே அந்த 22, 15 ஆண்டில் 37-க்கு மேல் போக வேண்டும். பழைய வீட்டின் வடிவமைப்புக்கு, புதிய வீட்டுக்குக் கொடுத்ததைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு கொடுக்கும் ஆள் வர வேண்டும் என்று அர்த்தம்.

நகரம் வேகமாக வளர்ந்தால் நிலைமை இன்னும் விநோதமாகும். நிலத்தின் விலை கட்டடத்தின் விலையைப் பல மடங்கு தாண்டிவிட்டால், வருபவர் வீட்டையே பார்க்க மாட்டார். இடித்துவிட்டு இந்த மனையில் எத்தனை தளம் எழுப்பலாம் என்றுதான் கேட்பார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த மாஸ்லன் வீடு, 1960-களின் தொடக்கத்தில் கட்டியது. நவீனக் கட்டடக்கலையைப் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். 2002-இல் ஒருவர் வாங்கினார், அதே ஆண்டில் இடித்துத் தள்ளினார். நியூட்ராவுக்கே அந்த நிலை.

மறுபக்கமும் உண்டு. அதே அமெரிக்காவில், மீஸ் வான் டெர் ரோ என்ற இன்னொரு பெரிய ஆர்க்கிடெக்ட் வடிவமைத்து 1951-இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு 2003-இல் 75 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் வாங்கியது குடியிருக்க வந்த குடும்பம் இல்லை, பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்றும் அமைப்புகள். கட்டச் சொன்ன எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது செலவு எகிறி ஆர்க்கிடெக்டோடு கோர்ட் வழக்கு, 1954-இல் வீட்டுக்குள் ஆற்று வெள்ளம். வீட்டை அவர் விற்றது 1972-இல். மவுசு வந்தது உண்மை, வேறு யாருக்கோ வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்ட வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மற்ற இரண்டும் 14 மாதமாக இருக்கின்றன. புத்தம் புதிய வீடு, விளம்பரம் செய்ய ஆள், வாடிக்கையாளரை அழைத்து வர வாகனம், இத்தனை இருந்தும் பில்டருக்கே 14 மாதத்தில் ஆள் கிடைக்கவில்லை. நாளைக்கு மகளின் மேற்படிப்புக்கோ வேறு ஊருக்கு மாறவோ நீங்கள் விற்க நேர்ந்தால் எத்தனை மாதம் ஆகும்? சாதாரண வீட்டை நூறு பேர் பார்த்தால் நாற்பது பேருக்குப் பிடிக்கும். இப்படிப்பட்ட வீட்டை இரண்டு பேருக்கு அளவுகடந்து பிடிக்கும், மீதிப் பேர் "கூடத்தை இவ்வளவு உயரமாக விட்டதற்கு மேலே ஒரு அறை போட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு பேர் வரும்வரை தவணை நிற்காது. இதையே திருப்பிப் பிடித்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதமும் அந்த 14 மாதம்தான். பில்டரும் யாரோ ஒருவருக்கு வட்டி கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

பராமரிப்பைப் பற்றிப் பிரதிநிதி பேசியிருக்க மாட்டார். என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் இதே மாதிரி படிக்கட்டுக்கு மேல் கண்ணாடிக் கூரை. ஒரு மழைக்காலத்தில் போயிருந்தேன். ஏழாவது படியில் ஒரு நீல வாளி, அதற்குள் மடித்துப் போட்ட பழைய துண்டு, சொட்டு விழும் சத்தம் கேட்காமல் இருக்க. "இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சீலன்ட் வைக்கிறோம் சார், வைத்த வருஷம் நன்றாக இருக்கும்" என்றார். கூடத்து விளக்கில் பல்பு மாற்றக்கூட சாரம் கட்ட ஆள் கூப்பிட வேண்டும். ஒரு பெரிய கண்ணாடி விரிசல் விட்டபோது அந்த அளவில் எந்தக் கடையிலும் இல்லை. தனியாகச் செய்து வர இரண்டு மாதம் ஆனது, அதுவரை தார்ப்பாய். இது அவருடைய ஆர்க்கிடெக்டின் திறமைக்குறைவு என்றும் சொல்ல மாட்டேன். உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே வடிவமைத்த வில்லா சவோய் என்ற வீடு பாரிஸ் அருகே 1931-இல் முடிந்தது. இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். அதில் குடியிருந்த சவோய் குடும்பம் கூரை ஒழுகுகிறது என்று அவருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது. சாதாரண வீட்டுக்கு ஆண்டுக்கு வீட்டு விலையில் 1 சதவீதம் பராமரிப்புக்கு எடுத்து வைக்கச் சொல்வது வழக்கம். இந்த வீட்டுக்கு நான் 2 போடுவேன். அதாவது உங்கள் சம்பளத்தில் 10 சதவீதம்.

அப்புறம், "ஆர்க்கிடெக்ட் வடிவமைத்தது" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படம் வரைந்து கொடுத்ததோடு அவர் வேலை முடிந்ததா, கட்டும்போது வந்து பார்த்தாரா? ஆர்க்கிடெக்ட் ஒரு மாதிரி வரைய, பில்டர் செலவைக் குறைக்க நான்கு இடத்தில் மாற்றிவிடுவது நடக்கும். உள்ளாட்சி அங்கீகரித்த வரைபடம், கட்டி முடித்தபின் உள்ளபடி வரைந்த படம், கம்பிக் கட்டு விவரம் உள்ள ஸ்ட்ரக்சுரல் படம், மூன்றையும் கேளுங்கள். அங்கீகரித்த படத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கடனும் சிக்கும், பின்னால் விற்பதும் சிக்கும். அடுத்த மனையில் எத்தனை மாடி வரை அனுமதி என்பதையும் விசாரியுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் அந்தக் காலை வெயிலை நான்கு மாடிச் சுவர் ஒன்று மறைத்துவிட்டால் யாரிடமும் நஷ்டஈடு கேட்க முடியாது.

இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும். ஆர்க்கிடெக்டுகள் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் கட்டணம் வாங்குவார்கள். 10 சதவீதம் என்றே வைத்தாலும் 33 மதிப்புள்ள கட்டடத்துக்கு 3.3. நீங்கள் கொடுக்கப் போவது 22. நடுவில் இருப்பது உயர்ந்த கண்ணாடியும் மரமும் கொஞ்சம், பில்டரின் லாபம் நிறைய. நல்ல ஆர்க்கிடெக்ட் செலவைக் குறைக்கவும் செய்வார். செலவு குறைந்த வீடுகளுக்குப் பெயர்பெற்ற, கேரளத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர்களில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமானது. அந்தக் காற்றிடைவெளியால் வீட்டுக்குள் வெப்பமும் குறைந்தது. மனை வாங்கி, உங்களுக்கென்று ஒரு ஆர்க்கிடெக்டை வைத்துக் கட்டினால் அந்த 22-இல் பெரும்பகுதி மிஞ்சலாம். அலைச்சல் உண்டு, வாடகையும் தவணையும் ஒன்றரை ஆண்டு சேர்ந்து போகும், பட்ஜெட் எகிறும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் யார் தினமும் சைட்டுக்குப் போய் நிற்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இல்லை, இந்த வீடுதான் வேண்டும் என்றால் என் உச்சவரம்பு 88. கடன் 66, கையிலிருந்து 22, இதர செலவு 6 சொச்சம். தவணை சம்பளத்தில் 36 சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் சேமிப்பில் 2கூட மிஞ்சாது. ஆகவே 88-க்கு ஒத்துக்கொண்டாலும் பதிவை எட்டு, பத்து மாதம் தள்ளி வைக்கக் கேளுங்கள். அதற்குள் ஒரு 4 சேர்த்துவிட்டால் மூன்று மாதச் சம்பளம் கையில் இருக்கும். 84-க்கு மேல் நீங்கள் கொடுக்கும் 4, முழுக்க முழுக்க உங்கள் ஆசைக்கான செலவு. ஒப்பிட்டுப் பார்க்க: அதே ஆசைக்கு இன்றைய விலையில் 22-ஐக் கடனாக வாங்கினால் 20 ஆண்டில் 47.5 கட்டுவீர்கள். மாதச் சம்பளத்தில் 12 சதவீதம் அதற்கு மட்டும்.

பில்டர் 88-க்குச் சிரிப்பார். சிரிக்கட்டும். எண்ணை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள், அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். வங்கியில் மதிப்பீட்டுக் கட்டணம் மட்டும் கட்டி, 84 என்று நான் ஊகித்த இடத்தில் மதிப்பீட்டாளர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். அவர் 80 என்றால் என் 88, 84 ஆகிவிடும். அப்புறம் நல்ல மழை பெய்யும் நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் போய், அந்தப் படிக்கட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். வீடு 14 மாதமாகப் பூட்டியிருக்கிறது, ஒழுகியிருந்தால் சுவரில் தடம் இருக்கும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.