இறக்கை வெட்டிய கிளியை வாங்கலாமா?

கேள்வி: கிளி வாங்கப் போனோம். இறக்கையை வெட்டித்தான் கொடுப்போம், அப்போதுதான் ஓடிப்போகாது, சீக்கிரம் பழகும் என்கிறார் விற்பவர். பறக்கப் பிறகு கற்றுக்கொடுத்துக்கொள்ளலாமாம். நம்பி வாங்கலாமா?

பதில்: அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன் அந்தக் குஞ்சு பறந்து பழகியதா? ஆமாம் என்றால் மேற்கொண்டு பேசலாம். இல்லை என்றாலோ, மழுப்பினாலோ வேறு இடம் பாருங்கள்.

பட்ஜி என்ற சின்னக் கிளியின் குஞ்சு சுமார் 5 வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும், ஆப்பிரிக்கன் கிரே என்ற பெரிய சாம்பல் நிறக் கிளியின் குஞ்சு சுமார் 12 வாரத்தில். திரும்புவது, வேகத்தைக் குறைப்பது, குறிபார்த்துக் கம்பில் இறங்குவது எல்லாம் அதையொட்டிய நாட்களில்தான் அதற்குக் கைவருகிறது. அந்த வயதில் கத்தரி வைத்துவிட்டால், பின்னாளில் இறகு முழுதாக வந்தாலும் கிளிக்குத் தன் இறக்கையின் மேல் எளிதில் நம்பிக்கை வருவதில்லை. கற்றுக்கொடுக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் தானாக வந்திருக்க வேண்டிய ஒன்றுக்கு நீங்கள் மாதக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருக்கும்.

வெட்டிய இறகு நகம் மாதிரி அடியிலிருந்து வளராது. மிச்சமிருக்கும் கட்டை உதிர்ந்து, அந்த இடத்தில் புதிய இறகு முளைக்க வேண்டும். பெரும்பாலான கிளிகளுக்கு இது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். வளரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். பக்கத்து இறகுகள் முழுதாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பு. அவையும் கட்டையாக இருந்தால் எங்காவது மோதி உடைந்து ரத்தம் கொட்டும்.

வாங்கும்போது இறக்கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நுனிப்பக்கத்துப் பெரிய இறகுகள் 10 இருக்கும். அதில் எத்தனை வெட்டியிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய கிளி சமநிலை தவறிச் சுழன்று விழும். அப்படியே நெஞ்சுப் பக்கத்தையும் பாருங்கள். நடு எலும்பின் மேல் தோல் வெடித்திருந்தால், அது விழுந்து விழுந்து பட்ட அடி. "சும்மா கீறல்தான் சார்" என்பார்கள். வாங்காதீர்கள்.

சீக்கிரம் பழகும் என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போக வழியில்லாமல் கையில் நிற்கிற கிளியும் பார்க்கப் பழகிய கிளி மாதிரியேதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் காக்கட்டீலுக்கு (கொண்டை வைத்த சின்னக் கிளி) இறகு முழுதாக வளர்ந்துவிட்டது. ஆனாலும் கூண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பறப்பதே இல்லை. இணையத்தில் "பறக்கும் பயிற்சி கிட்" என்று விற்கிறார்களே, பலன் இருக்குமா?

பதில்: அப்படிப்பட்ட பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு குச்சி, அமுக்கினால் "டிக்" என்று ஒலிக்கும் ஒரு கிளிக்கர், தீனி போட்டுக்கொள்ள ஒரு பை, ஒரு கையேடு. குச்சி வீட்டிலேயே கிடைக்கும். கிளிக்கருக்குப் பதில் நாக்கால் ஒரு "டொக்" போதும். அந்தப் பணத்தை 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசுக்கும், கிளி உட்கார, நகர்த்தி வைக்கக்கூடிய இரண்டு ஸ்டாண்டுகளுக்கும் செலவழியுங்கள்.

தராசு எதற்கென்றால், பறவைகள் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. காக்கட்டீலின் எடையே சுமார் 80 முதல் 100 கிராம்தான். அதில் 8 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். தினமும் காலையில் தீனி வைக்கும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். பயிற்சிக்காகப் பட்டினி போடச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அதெல்லாம் வேண்டாம். வழக்கமான சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் பயிற்சியை வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை. இது பிடிபட்டதும் இரண்டு ஸ்டாண்டையும் ஒட்டி வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எட்டிக் கால்வைக்கும் தூரத்தில் குச்சியைக் காட்டுங்கள். அப்புறம் தாவும் தூரம். அப்புறம் ஒரு தடவையாவது இறக்கை அடித்தால்தான் போய்ச் சேர முடியும் என்கிற தூரம். இங்கேதான் கிளி தயங்கும். குனியும், முன்னால் சாயும், இறக்கையை லேசாகத் தூக்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நின்றுவிடும். தூரத்தைக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் குச்சியை ஆட்டாதீர்கள், கூப்பிட்டு நச்சரிக்காதீர்கள். இரண்டு மூன்று தடவை அப்படிச் சாய்ந்தும் வரவில்லையென்றால் ஸ்டாண்டைச் சற்றுக் கிட்டே கொண்டுவந்து, வந்ததும் நல்ல தீனியாகக் கொடுத்து அன்றைக்கு முடித்துவிடுங்கள். ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். நாள்பட்டுச் சும்மா இருந்த தசை அது.

கையை உதறிவிட்டால் பறந்துதானே ஆகவேண்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்தால் கிளி பறக்கிறதோ இல்லையோ, அடுத்த நாள் உங்கள் கைக்கு வராது.

கிட்டில் வரும் கையேடு பல நேரம் விட்டுவிடும் பாடம் ஒன்று உண்டு: கீழே இறங்குவது. உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்குவது கிளிக்குக் கடினமான வேலை. தப்பிப்போன வளர்ப்புக் கிளி மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, கூப்பிடக் கூப்பிட வராமல் கத்திக்கொண்டிருப்பது பல சமயம் இறங்கத் தெரியாமல்தான். அதனால் ஒரு ஸ்டாண்டை உயரமாகவும் மற்றதைத் தாழ்வாகவும் வைத்து இதைத் தனியாகப் பழக்குங்கள்.

பயிற்சி நேரத்தில் மின்விசிறி நின்றிருக்க வேண்டும், ஜன்னல் மூடித் திரை போட்டிருக்க வேண்டும், அடுப்பில் எதுவும் இருக்கக் கூடாது. பயிற்சி இல்லாத நேரத்துக்கும் சேர்த்து ஒன்று: நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நமக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போகும், கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். தோசைக்கல், சட்டி மட்டுமில்லை. சில ஏர் ஃப்ரையர், ஹீட்டர், இஸ்திரிப்பெட்டிகளிலும் அதே பூச்சு இருக்கிறது. கிளி இருக்கிற வீட்டுக்கு இவற்றை வாங்கும்போது பூச்சு என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெளியே கொண்டுபோக காலில் மாட்டும் சங்கிலி வாங்குவதா, உடம்பைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸ் வாங்குவதா?

பதில்: சங்கிலி கூடவே கூடாது. திடுக்கிட்டு எழும்பினால் மொத்த இழுப்பும் ஒரு கால் எலும்பில் விழும், முறிந்துவிடும். ஹார்னஸ் என்றால் கிளியின் எடைக்கென்று அளவு குறிப்பிட்டது, இழுபடும் கயிறு வைத்தது பார்த்து வாங்குங்கள். தலையை நுழைக்கப் பழக்கவே வாரங்கள் ஆகலாம். சில கிளிகள் கடைசிவரை ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றுக்குக் கூண்டோடு வெளியே போவதே மேல்.

கேள்வி: வார்த்தைகளை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் செயலிக்குச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். நாங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது ஓடவிட்டால் கிளி கற்றுக்கொள்ளுமா?

பதில்: சந்தா கட்டாதீர்கள். காலிங் பெல், போன் சத்தத்தை எல்லாம் கிளி அப்படியே திருப்பிச் சொல்கிறதே என்பீர்கள். சொல்லும். ஆனால் சத்தத்தைத் திருப்பிச் சொல்வது வேறு, வார்த்தை புரிவது வேறு.

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977இல் சாதாரணக் கடையொன்றில் ஓர் ஆப்பிரிக்கன் கிரே வாங்கினார். கெட்டிக்காரக் கிளியாகப் பொறுக்கி எடுத்தார் என்ற பேச்சு வரக் கூடாது என்று, கடை ஊழியரையே ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். அதுதான் அலெக்ஸ். 2007இல் இறப்பதற்குள் 50க்கும் மேற்பட்ட பொருட்களின் பெயர், 7 நிறம், 5 வடிவம், 6 வரை எண்ணிக்கை எல்லாம் சொன்னது. வேண்டாததை "நோ" என்று மறுக்கவும் செய்தது. இதே ஆய்வாளர் வேறு கிரே கிளிகளுக்கு ஒலிப்பதிவை மட்டும் போட்டும், வீடியோவை மட்டும் காட்டியும் பார்த்தார். அந்த வழியில் கேட்ட சொற்களை அவை பொருள் தெரிந்து பயன்படுத்தவில்லை.

அலெக்ஸுக்குப் பாடம் நடந்த முறை வீட்டிலும் செய்யக்கூடியதுதான். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்பார். மற்றவர் "சாவி" என்பார். உடனே சாவி அவர் கைக்குப் போய்விடும். தப்பாகச் சொன்னால் சாவி மறைந்துவிடும். அப்புறம் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்கு வயிற்றெரிச்சல் வர வேண்டும், அதுதான் சூட்சுமம். சரியாகச் சொன்னால் பரிசு விதை இல்லை, சாவிதான். சொல்லும் பொருளும் அப்படித்தான் ஒட்டுகின்றன.

அன்றாடச் சொற்களுக்கு இத்தனை நாடகம்கூடத் தேவையில்லை. "ஏறு" என்றால் கையில் ஏறுவது, "வா" என்றால் பறந்து வருவது, "போதும்" என்றால் தீனி முடிந்தது. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "வா" என்று, மகள் "கம் கம்" என்று, பாட்டி "இங்கே வாடி ராசாத்தி" என்று கூப்பிட்டால் கிளி மூன்றையும் விட்டுவிட்டு நீட்டிய கையை மட்டும் பார்க்கும். புரிந்ததா என்று சோதிக்க, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். வந்தால் சொல் புரிந்திருக்கிறது.

கேள்வி: "பேசும் கிளி, உத்தரவாதம்" என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். எந்த இனம் நிச்சயமாகப் பேசும்?

பதில்: எந்த இனத்துக்கும் நிச்சயம் கிடையாது. கின்னஸ் சாதனையாக 1,728 சொற்கள் பேசியதாகப் பதிவான பக் ஒரு சின்ன பட்ஜி. அதே பட்ஜி இனத்தில் ஆயுசு முழுக்க ஒரு சொல்லும் பேசாதவை எத்தனையோ. பட்ஜியிலும் காக்கட்டீலிலும் ஆண் பேச வாய்ப்பு அதிகம், பெண் பேசுவது அபூர்வம். பேசும் என்று விலை ஏற்றினால் நேரில் பேசக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், வீடியோவை நம்பி வேண்டாம். கேட்டு வாங்கியதுகூடப் புது வீட்டில் சில வாரம் வாயைத் திறக்காது. நாக்கைச் சீவிவிட்டால் பேசும் என்பவரிடம் எந்தப் பறவையையும் வாங்காதீர்கள். கிளியின் குரல் மூச்சுக்குழாயின் அடியிலிருந்து வருகிறது, நாக்கு அதற்கு உதவி செய்யும் உறுப்பு.

ஆப்பிரிக்கன் கிரே என்றால் காகிதம் கேளுங்கள். 2017 ஜனவரி முதல் அது சைட்டீஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. காலில் மூட்டில்லாத முழு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் குஞ்சாக இருக்கும்போதுதான் மாட்ட முடியும், அதனால் காட்டில் பிடித்த கிளி இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். வெட்டி நெளித்து மாட்டிய வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம், அது ஒன்றையும் நிரூபிக்காது.

கேள்வி: இன்னும் தானாகத் தின்னாத குஞ்சு விலை குறைவு. கையால் ஊட்டி வளர்த்தால் நம்மிடம் ஒட்டிக்கொள்ளுமாமே?

பதில்: ஊட்டும் கூழ் கொஞ்சம் சூடானாலும் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துவிடும், கொஞ்சம் தப்பினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பழகாத கைக்கு இது வேலை இல்லை. தானாகத் தின்று, எடை நிலைத்து, பறந்தும் பழகிய குஞ்சை வாங்குங்கள். தினமும் உட்கார்ந்து பேசினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.