கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு நுண்ணுயிர் உரம் இட்டால் கிழங்கு உண்மையிலேயே பருக்குமா?

பருக்கும், ஆனால் நுண்ணுயிர் உரமாக விற்கப்படும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய பாக்டீரியாக்கள் கிழங்கை நேரடியாகப் பருக்க வைப்பதில்லை. மண்ணில் இருப்பதை வேர் எடுத்துக்கொள்ளும் திறனைத்தான் அவை முக்கியமாகக் கூட்டுகின்றன. ஆகவே மக்கிய உரமும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) இல்லாத மண்ணில் எத்தனை பொட்டலம் இட்டாலும் பலன் சொற்பமாகவே இருக்கும் என்பது வீட்டுத் தோட்டத்தில் கிழங்குப் பயிர்களை வளர்த்துவரும் என் உறுதியான கருத்து.

வேரைச் சுற்றி வாழ்ந்து பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பாக்டீரியாக்களுக்குத் தனிப் பெயர் சூட்டி அறிவியல் உலகில் நிலைநிறுத்திய ஆய்வு, முள்ளங்கியில்தான் நடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் குளோப்பரும் மில்டன் ஷ்ரோத்தும் 1978இல் அதை வெளியிட்டார்கள். இவ்வகையைச் சேர்ந்த சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள ஒரு பொருளைச் சுரந்து மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்வதால், வேருக்குக் கேடு செய்யும் நுண்ணுயிர்கள் இரும்பு கிடைக்காமல் ஒடுங்குகின்றன என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் தெரியவந்தது. விளைபொருளே மண்ணுக்குள் கிடக்கும் பயிருக்கு இந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதை, அழுகிய கேரட்டைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) ஓரளவு நிலைநிறுத்துகிறது என்றாலும், அதைவிட முக்கியமானது அது சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி. பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுவதால், செடி நீரையும் சத்தையும் எடுக்கும் பரப்பு விரிகிறது. பாஸ்போபாக்டீரியா கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தருகிறது. நீலகிரியைப் போன்ற அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அங்கே கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோருக்கு இது பயன்படக்கூடும்; அமிலத்தன்மை மிகுந்திருந்தால் மண் பரிசோதனை செய்து முதலில் சுண்ணாம்பு இடுவது நல்லது.

விதை நேர்த்திக்கு, ஆறிய வடிகஞ்சியில் நுண்ணுயிர் உரத்தைக் குழைத்து, விதையுடன் மென்மையாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். பீட்ரூட் விதை உண்மையில் பல விதைகள் ஒட்டிய சொரசொரப்பான ஒரு கொத்து என்பதால், குழைத்த உரம் அதன் மடிப்புகளில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான முள்ளங்கி விதைக்குக் கஞ்சி சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். சூடோமோனாஸ் என்றால் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் போதும். மண்ணில் இடுவதானால், நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து மாலையில் தூவி, உடனே நீர் பாய்ச்சுங்கள். பாக்டீரியாவுக்கு உணவே அந்த மக்கு உரம்தான். பச்சைச் சாணம் கூடவே கூடாது. அது கேரட்டைக் கவைகவையாகப் பிளக்க வைக்கும்.

நுண்ணுயிர் உரம் இட்டபின் யூரியாவை வழக்கமான அளவிலேயே கொட்டினால் இலை மட்டும் செழித்து, கிழங்கு சிறுத்துவிடும். அசோஸ்பைரில்லமும் தழைச்சத்து மிகுந்த மண்ணில் காற்றிலிருந்து அதை எடுக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கிழங்கு பருக்கும் கட்டத்தில் செடி அதிகம் கேட்பது சாம்பல் சத்து. அதை எந்த பாக்டீரியாவும் புதிதாக உண்டாக்கித் தராது என்பதால், பொட்டாஷை மண் பரிசோதனையின்படி தனியாக இட்டே ஆக வேண்டும்.

கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால், பெரும்பாலும் அதில் பூஞ்சாணக்கொல்லி பூசப்பட்டிருக்கும். அத்தகைய விதையின்மேல் உயிர் உரத்தைத் தடவினால் பாக்டீரியாக்கள் பெருமளவு மடிந்துபோகலாம் என்பதால், அப்போது விதை நேர்த்தியைத் தவிர்த்துவிட்டு, தொழு உரத்துடன் கலந்து மண்ணில் மட்டும் இடுங்கள்.