மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

கேள்வி: மொட்டை மாடியில் பைகளில் சம்பா மிளகாய் வைத்திருக்கிறேன். கொழுந்தெல்லாம் சுருண்டு, பூவும் கொட்டுகிறது. வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை. பிடுங்கிப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்ய? – வாசகி, மதுரை

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள் அம்மா. சுருட்டை என்று எழுதும் யாருமே இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று எழுதுவதில்லை. வைத்தியமே அதில்தான் இருக்கிறது.

இலையோரம் மேல்நோக்கிப் படகு போல மடிந்திருந்தால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கொழுந்தைத் தட்டுங்கள். மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஊர்வது தெரியும். மழை இல்லாத நாட்களில்தான் இது பெருகும். இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய். லிட்டர் தண்ணீரில் முதலில் சோப்பைக் கரைத்து, பிறகு 5 மில்லி எண்ணெய் விட்டு நன்றாகக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், இலையில் பிடிக்காது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒரு முறை அடியுங்கள்.

இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 3 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அடுத்தடுத்து அடித்தால் இலை கருகிவிடும். கடும் வெயில் நாட்களிலும் கந்தகம் வேண்டாம்.

இலை சிறுத்து, நெளிந்து, செடியே வளராமல் குட்டையாக நின்றுவிட்டால் மட்டும்தான் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. அதற்கு மருந்தே கிடையாது. அந்தச் செடியை மட்டும் பிடுங்கிவிட்டு, மற்ற பைகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள்.

பூ கொட்டுவதற்கு இந்தப் பூச்சிகளும் காரணமாகலாம், மதுரை வெயிலும் காரணமாகலாம். 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். யூரியா போடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள்; இலைதான் தழைக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய குண்டு வற்றலின் விதை முளைக்குமா? – வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக முளைக்கும். ராமநாதபுரம் முண்டு என்று 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இந்தக் குண்டுதான். பழைய இருப்பாக இல்லாமல், இந்த வருஷத்து வற்றலாகப் பார்த்து வாங்குங்கள். நாற்று 40 நாள் ஆனதும் பைக்கு மாற்றலாம். பச்சை மிளகாயிலிருந்து மட்டும் விதை எடுக்க வேண்டாம். விதை முற்றியிருக்காது. அதோடு, கடைக்கு வருவதில் வீரிய ஒட்டு ரகமும் நிறைய, அதன் விதையில் வரும் செடி தாய்ச்செடி மாதிரி காய்க்காது.