வேலையை விட்ட பெடியனின் கணக்கைப் பூட்டியும் ஹோட்டல் முன்பதிவு மெயில் அவருடைய போனுக்குப் போகிறதா?

அவருடைய கணக்கு இல்லை, உங்கள் பொதுவான முன்பதிவுக் கணக்குத்தான் திறந்து கிடக்கிறது. மைக்ரோசொப்ட் 365இல் ஒருவரைப் பூட்டினால், ஏற்கெனவே கொடுத்த டோக்கன் (திரும்பப் பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விடும் அனுமதிச் சீட்டு) சாதாரணமாக 60 முதல் 90 நிமிடம்தான் உயிரோடிருக்கும். நீங்கள் பூட்டி ரெண்டு நாளாகியும் புது மெயில் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வழி வேறு.

நிலாவெளிப் பக்கச் சில ஹோட்டல்களில் சீசனுக்கு வரும் பெடியன்கள் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதுவும் ரிசெப்சன் மொனிட்டரில் ஒட்டியபடி. உங்களிடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

1. என்ட்ரா (மைக்ரோசொப்ட் 365 கணக்குகளை நிர்வகிக்கும் இடம்) நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பொதுக் கணக்கின் உள்நுழைவுப் பதிவைப் பாருங்கள். ஊடாடாத உள்நுழைவுகள் (ஆள் எதுவும் தட்டாமல் போன் தானாகச் செய்பவை) தனித் தாவலில் இருக்கும், அதையும் திறவுங்கள். இலவசப் பதிப்பில் 7 நாள் பதிவுதான் மிஞ்சும், இண்டைக்கே பாருங்கள்.

2. தெரியாத போன் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, அமர்வுகளை (ஏற்கெனவே உள்ளே நுழைந்து திறந்திருப்பவற்றை) ரத்துச் செய்யுங்கள். இரண்டாம் சரிபார்ப்புக்கு யாருடைய நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள். அவருடையதென்றால் அதையும் மாற்றுங்கள்.

3. ஒன்றும் தெரியவில்லையா? அந்தப் பெட்டியிலிருந்து அவருடைய ஜிமெயிலுக்குத் தானாக அனுப்பும் ஃபோர்வர்ட் விதி போட்டிருக்கலாம். பாஸ்வேர்ட் மாற்றினாலும் அது ஓடும்.

பிறகு அந்தப் பொதுக் கணக்கைப் பகிர்ந்த அஞ்சல்பெட்டியாக (shared mailbox) மாற்றி, நேரடி உள்நுழைவைப் பூட்டி, ஒவ்வொருவரும் தன் கணக்கால் திறக்க விடுங்கள். ஆனால் முன்பதிவுத் தளங்களுக்கு இதே மெயில்தான் லொகினா? அங்குள்ள பாஸ்வேர்ட் இதோடு மாறாது, தனியாக மாற்ற வேண்டும்.