வாசகர் கேள்வி: கில்டோனன் ஏன் காலியானது?

கேள்வி: கனடாவின் வின்னிப்பெக் நகரில் என் மகள் குடியிருக்கும் பகுதியின் பெயர் வடக்குக் கில்டோனன். ஸ்காட்லாந்தின் வடகோடியிலும் கில்டோனன் என்றொரு பங்கு (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி) இருப்பதாகவும், அங்கு வீடுகளைக் காண்பதே அரிது என்றும் அறிந்தேன். மண் வளமில்லாததால்தான் மக்கள் வெளியேறினார்களா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இல்லை, அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சதர்லாந்து மாவட்டத்தில் ஹெல்ம்ஸ்டேல் ஆற்றின் பள்ளத்தாக்கையொட்டிய இப்பங்கில் 1811-இல் 1,574 பேர் வாழ்ந்தனர். 1831-இல் எஞ்சியவர்கள் 257 பேர். கேலிக் பேசிய அந்தக் குடியானவர்கள் ஓட்ஸும் பார்லியும் பயிரிட்டுக் கறுப்பு மாடுகளை வளர்த்துத் தலைமுறைகளாக அங்கே இருந்தபோதிலும், நிலம் சதர்லாந்து சீமாட்டியின் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. செவியட் இனச் செம்மறிகளை மேய்க்க வருவோர் கூடுதல் குத்தகை தருவார்கள் என்பதே வெளியேற்றத்துக்குக் காரணம்.

1813-இல் நிலத்தைப் பார்வையிட வந்தவர்களை ஊரார் விரட்டியடிக்க, பட்டாளம் வரவழைக்கப்பட்டது. அவ்வாண்டே ஏறத்தாழ நூறு பேர் செல்கர்க் பிரபுவின் குடியேற்றத் திட்டத்தில் கனடாவுக்குக் கப்பலேறினர். வழியில் காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தனர். செல்ல வேண்டிய துறைமுகத்துக்கு வெகு வடக்கே, ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சில் பகுதியில், மற்றவர்கள் இறக்கிவிடப்பட்டனர். அங்கே குளிர்காலத்தைக் கழித்த பின், 1814 ஏப்ரலில் உடல் வலுவுள்ளவர்கள் பைக்குழல் இசைப்பவர் ஒருவரையும் உடன்கொண்டு பனியில் நெடுந்தொலைவு நடந்து, பிறகு படகேறி, இன்று வின்னிப்பெக் இருக்கும் செவ்வாற்றங்கரையை அடைந்தனர். அக்குடியிருப்புக்கு 1817-இல் செல்கர்க் சூட்டிய பெயரே உங்கள் மகள் வாழும் பகுதிக்கு வழிவழியாக வந்தது.

ஊரில் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் 1819-இல் அகற்றப்பட்டனர். மரம் அரிதான அந்த நாட்டில் கூரை உத்தரங்களே வீட்டின் விலைமிக்க பகுதி; மறுபடி யாரும் குடியேறாதபடி அவற்றுக்கே தீ வைத்தார்கள். பள்ளத்தாக்கில் உழுதவர்களுக்குக் கடலோரத்தில் துண்டு நிலமும் ஹெல்ம்ஸ்டேலில் ஹெர்ரிங் மீன்பிடித் தொழிலும் காட்டப்பட்டன. அத்துறைமுகம் உண்மையான ஆக்கம்தான் என்றாலும், அதைச் சொல்லி அந்தத் தீயை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க இயலாது.

கேள்வி: ஸ்காட்லாந்தின் கில்டோனனில் தங்கம் கிடைத்தது உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: உண்மை. ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் உழைத்துத் திரும்பிய ராபர்ட் கில்கிறிஸ்ட் என்னும் உள்ளூர்க்காரர் 1868-இல் ஆற்றையும் ஓடைகளையும் அலசித் தங்கத் துகள்களைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு நூற்றுக்கணக்கானோர் மாதம் 1 பவுண்டு உரிமக் கட்டணம் செலுத்தி அங்கே கூடாரமிட்டனர். செம்மறிப் பண்ணையாளர்களும் மான் வேட்டைக்கு இடம் குத்தகை எடுத்தவர்களும் முறையிடவே, 1869 முடிவோடு நிலத்தின் உரிமையாளரான சதர்லாந்து டியூக் உரிமங்களை நிறுத்திவிட்டார்.