ஆர்கேட் என்னும் வீடியோ கேம் பெட்டிக்கான ஒயரிங்: வட சென்னை நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (தண்டையார்பேட்டை): ஐயா, இரண்டு ஜாய்ஸ்டிக், பதினாறு பட்டன் வைக்கிறேன். ஒவ்வொன்றிலிருந்தும், அழுத்தியதைக் கணினிக்குச் சொல்லும் போர்டுக்கு இரண்டு ஒயர் இழுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பட்டனிலும் ஜாய்ஸ்டிக்கிலும் இருக்கும் சிறு சுவிட்சான மைக்ரோசுவிட்சில் பொதுவாக மூன்று முனைகள் இருக்கும்: பொது முனை, அழுத்தினால் இணைவது, அழுத்தினால் பிரிவது. நமக்கு முதல் இரண்டு மட்டும் போதும். எல்லாப் பொது முனைகளையும் ஒரே ஒயரால் பூத்தொடுப்பது போல வரிசையாகக் கோத்து, போர்டின் கிரவுண்டில் (மின்சாரம் திரும்பிச் சேரும் பொது முனை) சேருங்கள்; அழுத்தினால் இணையும் முனையிலிருந்து மட்டும் தனித்தனி ஒயர் போர்டுக்குப் போகட்டும். போர்டில் கிரவுண்டு முனைகள் யாவும் உள்ளுக்குள் ஒன்றுதானா என்பதை முன்னதாக மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். கோத்த ஒயரின் கடைசி முனையையும் கிரவுண்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்கிவிட்டால், நடுவில் ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போனாலும் மற்றப் பட்டன்கள் மறுபக்கம் வழியாக வேலை செய்யும். அரை மீட்டர் ஒயர்தான் கூடுதலாகும். நான் இதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

கேள்வி (திருவொற்றியூர்): ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் திரையில் விளையாட்டுப் பாத்திரம் கீழே போகிறது. போர்டு பழுதா?

பதில்: போர்டில் பழுதில்லை. படகுத் துடுப்பின் மேல்முனையை ஒரு பக்கம் தள்ளினால் நீருக்குள் இருக்கும் முனை மறுபக்கம் போகிறதல்லவா, ஜாய்ஸ்டிக்கின் தண்டும் அப்படித்தான். மேலே தள்ளும்போது, ஆடுபவர் பக்கம் இருக்கும் சுவிட்ச்தான் அழுந்துகிறது. பலகையைக் கவிழ்த்து வைத்து ஒயர் மாட்டும்போது இடமும் வலமும் வேறு குழப்பும். ஆகவே, ஒரு திசையில் தள்ளி, எந்தச் சுவிட்ச் 'டிக்' என்கிறதோ அதற்கே அந்தத் திசையின் ஒயரை மாட்டுங்கள்.

கேள்வி (காசிமேடு): அண்ணா, ஒரு மழைக்காலம் முடிந்ததும் நான்கு பட்டன்கள் விட்டு விட்டு வேலை செய்கின்றன. புதுப் போர்டு வாங்கட்டுமா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ராயபுரத்தில் நான் கட்டிய முதல் பெட்டியில் செம்புக் கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தேன்; உப்புக் காற்றில் அவை பச்சை பூத்துப்போயிருந்தது தெரியாமல், போர்டை மாற்றிப் பணத்தை வீணாக்கினேன். கடலோர வீடுகளில் குற்றம் பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். பழுதான நான்கும் கிரவுண்டு வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவற்றுக்கு முந்தைய இணைப்பையே சந்தேகிக்க வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை வாங்கி, சுவிட்ச் முனையின் அகலத்துக்குச் சரியான லக்கை, அதாவது ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் கவ்வியை (4.8 மில்லிமீட்டரும் உண்டு, 6.3 மில்லிமீட்டரும் உண்டு) அதற்குரிய கருவியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): பழைய ட்ராக்பால் (கையால் உருட்டி ஆடும் பந்து) ஒன்று கிடைத்திருக்கிறது. ஆறு ஒயர்கள் வருகின்றன. பட்டன் போர்டிலேயே மாட்டலாமா?

பதில்: மாட்டினாலும் பயனில்லை. 1980-இல் அடாரி வெளியிட்ட மிசைல் கமாண்ட் விளையாட்டின் ட்ராக்பாலைப் போன்றவற்றில், பந்து உருளும்போது இரண்டு உருளைகள் சுழன்று, அவற்றின் முனையிலுள்ள பல்வெட்டுச் சக்கரங்கள் ஒளியை மறைத்து மறைத்து விடுகின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஒளி உணரிகள் உண்டு. ஒன்றின் துடிப்பு மற்றதைவிட ஒரு துடிப்புச் சுழற்சியில் கால் பங்கு முந்தியோ பிந்தியோ வருவதை வைத்துத்தான் பந்து எந்தத் திசையில் உருள்கிறது என்று அறிய முடியும். ஆக, 5 வோல்ட், கிரவுண்டு, கிடைத் திசைக்கு இரண்டு, நெடுக்குத் திசைக்கு இரண்டு என ஆறு ஒயர்கள். இவற்றை மவுஸ் அசைவாக மாற்றும் தனி போர்டு வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிந்தால் அர்டுயினோ லியனார்டோ என்ற சிறு போர்டே போதும், ஏனெனில் அது தன்னையே யூ.எஸ்.பி. மவுஸாகக் காட்டிக்கொள்ளும்.

ஒயரின் நிறத்தை நம்பி மின்சாரம் கொடுக்காதீர்கள். உள்ளே சர்க்யூட்டைப் பார்த்து 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் உறுதிசெய்த பிறகே இணையுங்கள். இவை மாறினால் உணரிகள் எரிந்துவிடலாம். மற்ற நான்கும் மாறினால் சேதமில்லை: ஓர் அச்சு தலைகீழாக ஓடினால் அதன் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள்; அம்புக்குறி நகராமல் ஒரே இடத்தில் நடுங்கினால், அந்த அச்சின் ஒரு துடிப்பு வந்து சேரவில்லை.

கேள்வி (வியாசர்பாடி): எல்.இ.டி. பட்டன்களுக்கு யூ.எஸ்.பி. மின்சாரமே போதுமா?

பதில்: ஒன்றுக்கு 20 மில்லியாம்பியர் என்றால் பதினாறுக்கு 320; யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 500. போர்டையும் ட்ராக்பாலையும் சேர்த்தால் நெருக்கடிதான். விளக்குகளுக்குத் தனி அடாப்டர் வையுங்கள். 12 வோல்ட் விளக்கு என்றால், அதன் ஒயர் சுவிட்ச் முனையைத் தொடவே கூடாது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): என் மகன் செய்கிறான். ஷாக் அடிக்குமா என்று பயமாக இருக்கிறது, ஐயா.

பதில்: உங்கள் பயம் நியாயமானதே, அம்மா. பட்டன், ஜாய்ஸ்டிக் ஒயர்களில் இருப்பது 5 வோல்ட் மட்டுமே, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து, அதே பெட்டிக்குள் மானிட்டருக்கும் பவர் சப்ளைக்கும் வரும் 230 வோல்ட்டில்தான். அந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்று முள் பிளக்கும் எர்த்தும் வைத்துச் செய்து, தனி மூடியால் அடைக்கச் சொல்லுங்கள். தம்பி பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல், பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.